வாகீஸ்வரி: ஒரு லென்ஸ் விவகாரம்

1

கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை இரண்டு மணி நேரப் பஸ் பயணம். 1950 ஏப்ரலில் ஆன்ரி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு லைக்கா காமிராவுடன் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது அவர் ஊரில்தான் இருந்தார். அதே மாதம் புதுச்சேரி போய் அரவிந்தரையும் எடுத்தார். அரவிந்தர் அந்த வருஷம் டிசம்பரில் மறைந்தார். இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1948 ஜனவரியில், காந்தியின் கடைசி நாட்களில் டில்லியில் இருந்தவரும் இவரே.

இந்தப் படங்களைப் பற்றி என் நண்பரோடு நடந்துவந்த ஒரு சர்ச்சைதான் இந்தக் கட்டுரையின் ஆரம்பம். நண்பர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், கவிதை எழுதுகிறவர், குறைவாக எழுதுகிறவர் என்பதால் மரியாதைக்குரியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் சந்திப்போம். அவருடைய கட்சி இது: அந்த லென்ஸ் இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை. ஒரு ஊரில் நூறு வருஷம் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து அடைந்த தேர்ச்சிதான் திருவண்ணாமலையில் ஒரு வயதானவரின் கண்ணில் வந்து நின்றது. தமிழில் நாம் செய்கிற விமர்சனம் ஏன் மங்கலாக இருக்கிறது என்றால் நம்மிடம் அப்படித் தேய்த்த கண்ணாடி இல்லை. எலியட்டிடம் இரவல் வாங்கிய கண்ணாடியை நம்முடைய மரப்பெட்டியில் மாட்டிக்கொண்டு பார்க்கிறோம்.

என் கட்சி எதிரானது. நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருப்பவன். இரவல் கண்ணாடி என்ற குற்றச்சாட்டு என் மேல்தான் முதலில் விழும். ஆகவே லென்ஸ் ஒரு பொருட்டே இல்லை, பார்ப்பவன்தான் எல்லாம் என்று வாதாடி வந்தேன். இப்போது யோசிக்கும்போது அந்த வாதத்தில் என் தற்காப்பு நிறையக் கலந்திருந்தது தெரிகிறது.

2

லைக்காவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் எர்ன்ஸ்ட் லைட்ஸின் கம்பெனி மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்தது. அங்கே வேலைக்கு வந்த ஆஸ்கர் பார்நாக், சினிமா பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சினிமாக் கட்டங்களை ஒன்றாக்கி, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் எடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை 1914 வாக்கில் செய்து பார்த்தார். உலக யுத்தம் குறுக்கிட்டதால் 1925-ல் லைப்ஸிக் சந்தையில்தான் அது விற்பனைக்கு வந்தது. தபால்தலையை விடச் சற்றுப் பெரிய நெகடிவைப் பல மடங்கு பெரிதாக்கினால்தான் படம் என்று ஏதாவது கிடைக்கும். எனவே லென்ஸின் குறை எதுவாக இருந்தாலும் அதுவும் பல மடங்கு பெரிதாகும். அந்தக் கணக்கைப் போட்டவர் மாக்ஸ் பெரெக். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் எவ்வளவு வளைகிறது என்று லாகரிதம் அட்டவணையை வைத்துக் கையால் போட்ட காலம் அது. மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள் கொண்ட அவருடைய எல்மார் லென்ஸ் லைக்காவின் பெயரை நிலைநிறுத்தியது.

ஆனால் நான்கு கண்ணாடி, மூன்று தொகுதி என்ற அமைப்பு பெரெக்குக்கு முன்பே இருந்தது. 1902-ல் ஜேனா நகரத்தில் ஸைஸ் கம்பெனிக்காக பால் ருடால்ஃப் செய்த டெஸ்ஸார் அதே மாதிரிதான். அதை 'கழுகுக் கண்' என்று விளம்பரம் செய்தார்கள். எல்மாரில் துவாரத்தின் இடம் வேறு, வளைவுகள் வேறு; குடும்பம் ஒன்று. டெஸ்ஸார் சாத்தியமானதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1884-ல் ஜேனாவில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் ஆபே முதலியவர்கள் தொடங்கிய கண்ணாடி ஆலையில், பேரியம் போன்ற பொருள்களைச் சேர்த்து அதுவரை இல்லாத கண்ணாடி வகைகளை உருக்கினார்கள். அந்தக் கண்ணாடி இல்லாமல் 1890-க்குப் பிந்தைய லென்ஸ்கள் இல்லை. முதல் உலக யுத்தம் வந்தபோது பிரிட்டன்கூடத் தன் பைனாகுலர்களுக்கு நல்ல கண்ணாடி கிடைக்காமல் திண்டாடியது. இன்னும் பின்னால் போனால், 1840-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் முதல் உருவப்பட லென்ஸைக் கணக்கிட்டபோது, கணக்குத் தெரிந்த பீரங்கிப் படை வீரர்களை அவருக்கு உதவிக்கு அனுப்பினார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டவர்கள் ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னது லென்ஸின் பெருமையைக் குறைக்கத்தான். பாருங்கள், யாருடைய கண்ணாடியும் சொந்தக் கண்ணாடி இல்லை, எல்லாம் இரவலின் மேல் இரவல் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். பழைய லைக்கா படங்களில் வெளிச்சத்தின் ஓரம் லேசாகப் பூத்து நிற்பதைப் போற்றி எழுதுகிறார்கள் அல்லவா, அதில் பெரும்பங்கு குறைதான். கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் சேராமல் கொஞ்சம் சிதறுகின்றன. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஒளியைத் திருப்பி அடிக்கிறது, அது உள்ளே அலைகிறது. பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சை ஸைஸில் ஸ்மாகுலா 1935-ல் கண்டுபிடித்தார். அதற்கு வெகு காலம் முன்பே இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் நிபுணர், பழசாகிக் கறை பிடித்த லென்ஸ் புதிய லென்ஸை விட அதிக ஒளியை விடுகிறது என்று கவனித்திருந்தார். கறையே பூச்சாக வேலை செய்திருக்கிறது. குறையை அழகு என்கிறோம், கறை தெளிவைத் தருகிறது. இதில் லென்ஸின் தரம் என்பது என்ன?

நண்பர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் புஸ்தகத்துல படிச்சது. போட்டோ எடுத்து வயிறு கழுவின ஒருத்தர்கிட்ட கேளுங்க" என்றார். அப்படித்தான் அந்த ஸ்டுடியோக்காரரிடம் போனோம்.

3

பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஸ்டுடியோ இன்று இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. வீட்டில் ஒரு அறையில் முக்காலியின் மேல், பழைய வேட்டியால் போர்த்தி, வாகீஸ்வரி நிற்கிறது.

வாகீஸ்வரியைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. கேரளத்தில் ஆலப்புழையில் கையால் செய்யப்பட்ட ஃபீல்ட் காமிரா அது. 1940-களில் அங்கே குஞ்ஞு குஞ்ஞு பாகவதர் என்பவர் இசைக் கருவிகளைச் சரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்டுடியோக்காரர் தன்னுடைய வெளிநாட்டுக் காமிராவின் துருத்தி கிழிந்துவிட்டது என்று அவரிடம் கொண்டுவந்தார். யுத்த காலம், ஜெர்மனியிலிருந்து எதுவும் வராது. ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்பு தெரிந்த கைக்குக் காமிராவின் துருத்தி மடிப்பு புதிதல்ல. பாகவதரின் மகன் கருணாகரன் இந்தப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து முழுக் காமிரா செய்யும் வேலைக்குப் போனார். தேக்குச் சட்டம், பித்தளைப் பூட்டுகள், மடிப்புத் துருத்தி, பின்னால் தேய்த்த கண்ணாடி. பெயர் வாக்குக்குத் தேவியின் பெயர். பேசாத ஒரு பெட்டிக்கு. 1980-கள் வரை தென்னிந்திய ஸ்டுடியோக்களில் வாகீஸ்வரிக்கு ஒரு மதிப்பு இருந்தது. பிறகு சின்னக் காமிராவும் கலர் பிலிமும் வந்து தயாரிப்பு நின்றது.

பெரியவர் இருபத்து இரண்டு வயதில் தன் குருவோடு ரயிலேறி ஆலப்புழைக்குப் போய் இந்தக் காமிராவை வாங்கி வந்தார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்:

"மரத்த எளைக்கிற வாசனை, வார்னிஷ் வாசனை. சட்டத்த இழுத்தா வெண்ணெயில கத்தி போற மாதிரி போவும். எங்க வாத்தியாரு ஒவ்வொரு ஸ்குரூவா தொட்டுப் பாத்தாரு. எல்லாம் முடிஞ்சு கடைசியில, 'கண்ணு எங்க?'ன்னாரு. கண்ணு அவுங்க செய்யறதில்ல தம்பி. அது வெளியூரு சரக்கு. அத நாம தனியா தேடிக்கணும். வரும்போது ரயில்ல வாத்தியாரு பேசவே இல்ல. ஈரோடு தாண்டி, 'பொட்டி நம்மளுது, கண்ணு எவனுதோ'ன்னாரு. அவ்வளவுதான்."

நண்பர் என்னைப் பார்த்தார். அவருடைய வாதத்தை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ரயிலில் ஒருவர் சொல்லி முடித்திருந்தார்.

நான் ஆர்மோனியத்தைச் சொல்லி மறுத்தேன். அதுவும் இரவல் கருவிதான். 1840-களில் பாரீஸில் பிறந்தது. காலால் மிதித்த பெட்டியைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அடித்து வாசிக்கும்படி மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், 1875-ல். நம்முடைய நாடகக் கம்பெனிகள் அதை வைத்துத்தான் ஊர் ஊராகப் பாடின. 1940-ல் அகில இந்திய வானொலி, கமகம் பேசாத அந்நியக் கருவி என்று அதைத் தடை செய்தது. 1971 வரை தடை இருந்தது. வானொலி அதை ஒதுக்கி வைத்திருந்த அதே வருஷங்களில்தான் ஆலப்புழையில் ஆர்மோனியத் துருத்தி தெரிந்த ஒரு குடும்பம் காமிரா செய்தது. அதுமட்டுமல்ல, ஆர்மோனியத்தின் நாக்குத் தகடுகளும் முதலில் ஐரோப்பாவிலிருந்துதான் வந்தன. பிறகு குஜராத்தில் பாலிதானாவில் செய்யத் தொடங்கினார்கள். நாக்கு நம்முடையதாகும் என்றால் கண்ணும் ஆகலாம்.

"ஆச்சா?" என்றார் நண்பர்.

ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1972-ல் அங்கே ஜேனாவின் ஸைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்ற கண்டுபிடிப்பில் அந்தத் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1986-ல் அதே மலையில் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய ஆடி இந்தியாவிலேயே தேய்க்கப்பட்டது. கண்ணாடிக் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. வடிவம் கொடுத்தது இங்குள்ள கைகள். ஆனால் அது வானத்தைப் பார்க்கும் கண். ஊர் ஊராகப் போகும் காமிராவுக்கு அது கிடைக்கவில்லை.

4

இங்கே கல்வராயன் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே வசிப்பவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தமில்லாத, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய கதை சொல்கிறது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் மலை இருந்தது. ஜாகீர்தாரருக்கு வரியும் கட்ட வேண்டும், கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்து முப்பது வருஷம் ஆகப்போகும் சமயம், 1976-ல்தான், அரசாங்கம் ஜாகீர்களை எடுத்துக்கொண்டு மலை நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது.

படம் என்பது இந்த மக்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தனி வரலாறு. 1856-ல் சென்னை ராஜதானியின் அதிகாரபூர்வமான புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களையும் சேலம் ஜில்லாவில் ராயக்கோட்டைப் பகுதியையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அவருக்குக் கட்டடம் முக்கியம், மலைக்கோட்டை முக்கியம். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகளுக்கு அதில் இடம் உண்டு. அவர் மண்டையையும் மூக்கையும் அளந்த மனிதர். அவருக்கு வேண்டியது மாதிரி, ஆள் அல்ல. ஆள் என்ற முறையில், பெயரோடும் தகப்பனார் பெயரோடும் ஒரு மலையாளியின் முகம் தேவைப்பட்டது வெகு பின்னால், வங்கிக் கடனுக்கு.

1980 அக்டோபரில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது. கறவை மாடு, ஆடு, உழவு மாடு வாங்கக் கடனும் மானியமும். விண்ணப்பத்தில் போட்டோ ஒட்ட வேண்டும். மலையில் ஏது ஸ்டுடியோ? பெரியவர் வாகீஸ்வரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வரை பஸ்ஸிலும், அதற்கு மேல் கிடைத்த வண்டியிலும் நடையிலுமாக வெள்ளிமலைக்குப் போவார். ஆலமரத்தடியில் வேட்டியைப் பின்னால் கட்டி மக்களை நிறுத்துவார்.

"ஆளுக்கு ஒரு பிலிம்னா அவுங்களால காசு குடுக்க முடியாது தம்பி. அதனால நாலு பேர நெருக்கி நிக்க வெச்சு ஒரே பிலிம்ல எடுத்துடுவேன். பிரிண்ட்டு போட்டுக் கத்திரியால வெட்டி நாலாக்கிடுவேன். நாலு பேருக்கு ஒரு ஆளு காசு."

அரைப் பிளேட் அளவு என்பது ஆறரை அங்குல நீளம். நான்கு பேரை மார்பளவு நிறுத்தினால் ஆளுக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். பெரிதாக்க வேண்டியதில்லை; நெகடிவைக் காகிதத்தோடு ஒட்டிவைத்து அச்சிட்டாலே போதும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அப்போது சொல்லவில்லை. எங்கள் கிளையில் பழைய கோப்புகளைக் கழிப்பதற்கு முன் பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. நாற்பது வருஷத்துக் கடன் விண்ணப்பங்கள். அவற்றில் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள் நிறைய. சிலவற்றில் மடலும் மூக்குத்தியும் எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. சிலவற்றில் முகம் தண்ணீரில் கரைந்தது மாதிரி. அந்த மங்கலான படங்கள் சிலவற்றின் பக்கத்தில் சிவப்பு மையில், 'அடையாளம் தெரியவில்லை, புதிய படம் பெறுக' என்று குறிப்பு. அந்தக் கோப்புகள் சிலவற்றில் அந்தக் குறிப்புக்குப் பிறகு தாளே இல்லை. புதிய படம் வரவில்லை, கடனும் போகவில்லை. மலையிலிருந்து இன்னொரு முறை இறங்கி வருவது என்பது ஒரு நாள் கூலி.

படம் எடுத்தவரின் அசிரத்தை என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.

5

பெரியவர் லென்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பித்தளைக் குழல், உள்ளங்கை நிறைய கனம். பெயர் பொறித்த வளையம் தேய்ந்து எழுத்தில்லாமல் போயிருந்தது. உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. "மலைப் பனியில கொண்டுபோய்க் கொண்டுபோய் வந்தது" என்றார். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும்.

"டெஸ்ஸாருன்னு சொல்லித்தான் வாத்தியாரு வாங்கிக் குடுத்தாரு. ஜெர்மனி."

பெயர் அழிந்த லென்ஸை அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. ஒரு விளக்கை முன்னால் பிடித்துக் கண்ணாடியில் தெரியும் பிம்பங்களை எண்ண வேண்டும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு ஒவ்வொன்றும் ஒரு பிரகாசமான பிம்பம் தரும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய இடம் மங்கலான ஒரு பிம்பம் தரும். டெஸ்ஸாரில் மூன்று தொகுதிகள். ஆகவே ஆறு பிரகாசம், ஒரு மங்கல். செல்போன் விளக்கைப் போட்டு எண்ணினேன். நான்கு பிரகாசம், இரண்டு மங்கல். திருப்பிப் பிடித்தும் எண்ணினேன். நண்பரையும் எண்ணச் சொன்னேன். நான்கு, இரண்டு.

அது டெஸ்ஸார் இல்லை. 1866-ல் லண்டனில் டால்மேயரும் மூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தனித்தனியாகச் செய்து, யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று சண்டை போட்டுக்கொண்ட லென்ஸ் வகை. ரேபிட் ரெக்டிலினியர் என்று பெயர். ஒட்டிய இரட்டைக் கண்ணாடிகள் இரண்டு, எதிரெதிராக. நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும். அதுதான் அதன் பெருமை. ஆனால் ஜேனாவின் புதிய கண்ணாடிக்கு முந்தைய லென்ஸ் அது. நடுவில் நன்றாகப் பார்க்கும். ஓரத்தில் பார்வை சிதறும். துவாரத்தை நன்றாகச் சிறிதாக்கினால் ஓரமும் சேரும். ஆனால் சிறிதாக்கினால் நேரம் நீளும். மரத்தடி நிழலிலும் மலைப் பனியிலும் ஒன்றிரண்டு விநாடி மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். காமிராவையே முதல் தடவை பார்க்கிறவர்கள், இடுப்பில் குழந்தையோடு, ஒன்றிரண்டு விநாடி அசையாமல் நிற்பது எப்படி? பெரியவர் துவாரத்தைப் பெரிதாக வைத்துச் சட்டென்று மூடியைத் திறந்து மூடியிருக்கிறார். நடுவில் இரண்டு பேர் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். ஓரத்தில் இரண்டு பேர் கரைந்திருக்கிறார்கள்.

என் கையில் அந்தக் குழல் இருந்தபோது என் வாதம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. லென்ஸ் ஒரு பொருட்டில்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையில் ஒருவருக்கு ஒரு மாடு கிடைத்ததும் இன்னொருவருக்குக் கிடைக்காததும் ஒரு கண்ணாடியின் ஓரத்தில் நடந்திருக்கிறது. பார்ப்பவனின் கண்ணில் குறையில்லை. பெரியவர் அந்த நான்கு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்தார். காசு மிச்சம் பிடித்துத் தர வேண்டும் என்றுதான் நெருக்கி நிறுத்தினார். குறை, அவர் கண்ணுக்கும் அவர்களுடைய முகத்துக்கும் நடுவே இருந்த பொருளில்.

"என்னா தம்பி, டெஸ்ஸாருதானே?"

நண்பர் எதுவும் சொல்லவில்லை. நான் இல்லை என்று சொன்னேன். எண்ணிய விதத்தையும் விளக்கினேன். அவர் விளக்கை வாங்கித் தானே ஒரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு வெகு நேரம் கழித்துச் சொன்னார்:

"வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கும். ஓரத்துல ஆள நிக்க வெக்காதே, ஓரத்துல ஆள நிக்க வெக்காதேன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஏன்னு சொல்லல. நானும் கேக்கல."

கோப்புகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது நண்பர், அப்படியானால் நான் சொன்னதுதான் சரி, கண்ணாடி முக்கியம் என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. கண்ணாடி யாருடையது என்ற கேள்வியை விட, அது ஓரத்தில் நிற்பவரை என்ன செய்கிறது என்ற கேள்வி பெரியது. எந்த மட்டமான லென்ஸும் நடுவில் நிற்பவரை ஓரளவு நன்றாகவே காட்டிவிடும். கார்த்தியே ப்ரெஸ்ஸோன் ரமணரை எடுத்தார், அரவிந்தரை எடுத்தார். அவர்கள் எந்தக் கண்ணாடியிலும் நடுவில்தான் இருந்திருப்பார்கள். நம்முடைய விமர்சனத்தையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எலியட்டின் கண்ணாடி ஆனாலும் சரி, நம்முடைய திணைக் கண்ணாடி ஆனாலும் சரி, நாம் ஏற்கெனவே நடுவில் நிறுத்தி வைத்திருக்கும் பத்துப் பேரை அது எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது என்பதில் பரீட்சை இல்லை. ஓரத்தில் நெருக்கி நிற்கிறவர் யார் என்று அது சொல்கிறதா, அல்லது 'அடையாளம் தெரியவில்லை' என்று சிவப்பு மையில் எழுத நமக்கு வசதி செய்து கொடுக்கிறதா? என் பங்குக்கு நானும் அப்படிச் சில மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். எழுத்தாளரிடம் தெளிவில்லை என்று எழுதினேன். கண்ணாடியைக் கழற்றி எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் வங்கியில் சாப்பாட்டு வேளையில் அந்தக் கோப்புகளைத் திரும்ப எடுத்தேன். ஒரே வருஷத்தைச் சேர்ந்த விண்ணப்பங்களில், ஒரே வேட்டிப் பின்னணி உள்ள படங்களைத் தேடினேன். நான்கு கிடைத்தன. இரண்டு தெளிவு, இரண்டு மங்கல். வேட்டிக்கு மேலே ஒரு கிளை தெரிந்தது. கிளையின் போக்கைப் பார்த்துக் கோப்புகளை மேசையில் வரிசையாக வைத்தேன். கத்திரி வெட்டிய இடத்தில் ஒரு தோளின் பாதி ஒரு கோப்பிலும் மறு பாதி அடுத்த கோப்பிலும் இருந்தது. இடது ஓரத்தில் ஒரு பெண். வலது ஓரத்தில், பக்கத்து ஆளின் பக்கம் சாய்ந்து நிற்கிற ஒரு வயதானவர். மங்கலான முகம்தான். ஆனால் மற்ற மூவரோடு சேர்த்துப் பார்த்தபோது, அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

மணி அடித்ததும் கோப்புகளைக் கட்டி அலமாரியில் வைத்தேன். கழிப்பதற்கான பட்டியலில் அந்த நான்கின் எண்களை இன்னும் நான் எழுதவில்லை.